ட்ரூத் சீக்கர்ஸ்: எட்டே எபிசோடில் நின்றுபோன பேய்த் தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரை யாரிடம் சிபாரிசு செய்தாலும் முதல் கேள்வி, "எத்தனை சீசன்?" என்பதுதான். ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் நிற்கும் என்றதும் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும். அதையும் மீறிப் பார்த்தவர்கள் அடுத்தடுத்துக் கேட்டவற்றையும், பார்க்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். அதன் தலையிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இது என்ன தொடர்? எங்கே வந்தது?

பிரிட்டிஷ் தொடர். 2020 அக்டோபர் 30 அன்று, ஹாலோவீனுக்கு முந்தைய நாள், அமேசான் பிரைம் வீடியோவில் எட்டு எபிசோடுகளும் ஒன்றாக வெளியாயின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். நிக் ஃப்ராஸ்ட், சைமன் பெக், ஜேம்ஸ் செராஃபினோவிச், நாட் சாண்டர்ஸ் என்ற நால்வர் சேர்ந்து உருவாக்கியது. எட்டையும் ஜிம் ஃபீல்ட் ஸ்மித்தே இயக்கினார். பெக்கும் ஃப்ராஸ்டும் நடத்தும் ஸ்டோலன் பிக்சர் நிறுவனத்தின் முதல் தொலைக்காட்சித் தொடர் இது.

கதையைக் கெடுக்காமல் சொல்லுங்களேன், என்ன நடக்கிறது?

கஸ் ராபர்ட்ஸ் (நிக் ஃப்ராஸ்ட்) 'ஸ்மைல்' என்ற கற்பனை நிறுவனத்தில் வீடு வீடாகப் போய் பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பவர். நிறுவனத்திலேயே முதல்தரமான ஆள். மனைவியை இழந்தவர். மாலையில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பேய் தேடக் கிளம்புவார். எடுத்ததையெல்லாம் தன் யூடியூப் சேனலில் போடுவார். பார்ப்பவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான். ஒருநாள் முதலாளி, "இனிமேல் இவனும் உன்னோடு வருவான்" என்று ஒரு புதுப் பையனை வேனில் ஏற்றிவிடுகிறார். பையன் பெயர் எல்டன் ஜான். ஆமாம், பாடகரின் பெயரேதான். பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவன் முகம் போகிற போக்கைப் பாருங்கள். அன்று முதல் போகிற வீடெல்லாம் ஏதோ ஒன்று காத்திருக்கிறது.

ஒட்டாத ஜோடி என்பது பழைய சரக்குதானே? இதில் என்ன புதுசு?

பழைய சரக்குதான். ஒருவர் நம்புவார், மற்றவர் நம்பமாட்டார். எக்ஸ்-ஃபைல்ஸ் 1993இல் அந்த வாய்பாட்டை உலகம் முழுக்க மனப்பாடம் செய்ய வைத்துவிட்டது. பின்னால் வந்த பல தொடர்கள் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பிழைத்தன.

இங்கே வாய்பாடு வேறு. கஸ்ஸுக்குப் பேயைப் பார்க்க வேண்டும் என்று உயிர் கிடந்து தவிக்கிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. எல்டனுக்குப் பேய் என்றாலே குலை நடுங்கும். அவனைத்தான் அவை தேடி வருகின்றன. ஊரும் வேலையும் மாற்றி மாற்றி ஓடிவந்த பையன் அவன். நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் இங்கே சண்டையே இல்லை. பசித்தவன் இலையில் சோறு இல்லை, பசிக்காதவன் இலையில் பரிமாறிக்கொண்டே இருக்கிறார்கள். கஸ்ஸின் கண்ணில் அவ்வப்போது ஒரு பொறாமை எட்டிப்பார்க்கும். ஃப்ராஸ்ட் அதை வசனமே இல்லாமல் நடித்திருப்பார்.

இவர்களோடு சேரும் மூன்றாவது ஆள் ஆஸ்ட்ரிட் (எம்மா டார்சி). பேய்களிடமிருந்து தப்பி ஓடிவந்து இவர்கள் வேனில் ஏறிக்கொள்ளும் இளம்பெண். எல்டனின் அக்கா ஹெலன் (சூசன் வோகோமா) வீட்டு வாசலைத் தாண்டவே அஞ்சுபவள். ஆனால் வேடம் புனைவதிலும் மேக்கப்பிலும் கைதேர்ந்தவள். கஸ் வீட்டில் மாடியைவிட்டு இறங்க முரண்டு பிடிக்கும் ரிச்சர்டாக மால்கம் மெக்டவல். வெளியே வராத இந்த இருவரும் நண்பர்களாகும் கிளைக்கதைதான் எனக்குத் தொடரிலேயே மிகவும் பிடித்தது. பேய் வராத காட்சிகள் அவை.

பேய் பிடிக்கப் போகிறவருக்கு ஏன் பிராட்பேண்ட் வேலை?

என்னைக் கேட்டால் தொடரின் ஆகச் சிறந்த யோசனை இதுதான். பேய்க்கதை எழுதுகிற எல்லாருக்கும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: துப்பறிகிறவர் அந்த வீட்டுக்குள் எப்படிப் போவார்? யாராவது வந்து அழைக்க வேண்டும், அல்லது பூட்டை உடைக்க வேண்டும். கேபிள்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் மணியடித்தால் கதவு திறக்கும். நேரே படுக்கையறை வரை போவார், பரணில் ஏறுவார், கட்டிலை நகர்த்தச் சொல்வார், தரைக்கடியில் விளக்கடித்துப் பார்ப்பார். "இந்த ரூமில் மட்டும் சிக்னலே வரமாட்டேங்குது" என்ற புகாரோடு ஒரு பேய்க்கதை தொடங்குவதற்கு இதைவிட இயல்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தந்தி வந்த காலம் தொட்டு, செய்தியைக் கடத்தும் ஒவ்வொரு புதுக் கருவிக்குள்ளும் மனிதர்கள் இறந்தவர்களின் குரலைத் தேடியிருக்கிறார்கள். 1959இல் ஸ்வீடனில் பறவைகளின் பாட்டை டேப்பில் பதிவு செய்த ஃப்ரீட்ரிக் யூர்கன்சன், அதைப் போட்டுக் கேட்டபோது நடுவே மனிதக் குரல்கள் வந்ததாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து லாட்வியாக்காரரான கான்ஸ்டன்டின் ரௌடிவ் ஆயிரக்கணக்கில் அப்படிப் பதிவுகளைச் சேர்த்தார். வானொலி இரைச்சலில் சொற்கள் கேட்பது காது செய்யும் வேலை, குழப்பத்தில் ஒழுங்கைத் தேடுவது மூளையின் பழக்கம் என்பது அறிவியல் தரப்பின் பதில். கஸ் ரேடியோவும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருக்கும் காட்சிகளுக்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

சைமன் பெக் இருக்கிறார் என்றுதான் பார்க்க உட்கார்ந்தேன். அவர் எங்கே?

இருக்கிறார், ஆனால் ஓரமாக. ஸ்மைல் நிறுவன முதலாளி டேவ் அவர்தான். தலையில் ஒரு விக், முகத்தில் வழிகிற அன்பு. ஷான் ஆஃப் தி டெட் படம்போல பெக்கும் ஃப்ராஸ்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். விளம்பரத்தில் இருவர் பெயரையும் பெரிதாகப் போட்டதும் அந்த ஏமாற்றத்துக்கு ஒரு காரணம். இளவயதில் தாங்களிருவரும் பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட தேவாலயங்களுக்கு ராத்திரியில் போய்க் காத்துக்கிடந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். தொடரின் விதை அதுதான்.

பயமுறுத்துமா, சிரிக்கவைக்குமா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். வயிறு குலுங்கச் சிரிக்க நினைத்தால் இது உங்களுக்கானது இல்லை. பேய்க்காட்சிகளை நகைச்சுவைக்காகக் கெடுக்கவில்லை. இருட்டு இருட்டாகவே இருக்கிறது. சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

அவர்கள் வைத்திருக்கும் கருவிகள் நிஜத்தில் உண்டா?

உண்டு, கடையில் கிடைக்கும். பேய் வேட்டைக்காரர்கள் கையில் விளக்கு மின்ன மின்னப் பார்க்கும் சிறு பெட்டி மின்காந்தப் புலத்தை அளக்கும் மீட்டர். சுவருக்குள் ஓடும் மின்கம்பி, ஃப்ரிட்ஜ் மோட்டார், பக்கத்தில் இருக்கும் செல்போன் எல்லாவற்றுக்கும் அது மின்னும். பழைய வீட்டின் பழைய வயரிங் என்றால் கேட்கவே வேண்டாம். இணைப்பு கொடுக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது என்பது இந்தக் கதாபாத்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன வேடிக்கை.

கருவி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது நிஜமான ஒரு பேய் வேட்டை. தொடரில் ஒரு எபிசோடு கவென்ட்ரி நகரில், பிடித்த கதாபாத்திரங்கள்போல் ரசிகர்கள் வேடமிட்டு வரும் காஸ்ப்ளே மாநாட்டில் நடக்கிறது. அதே கவென்ட்ரியில்தான் விக் டாண்டி என்ற பொறியாளர் இருந்தார். மருத்துவக் கருவிகள் செய்யும் கூடத்தில் வேலை. அங்கே இருப்பவர்களுக்கு அடிக்கடி உடம்பு சில்லிடும். யாரோ பின்னால் நிற்பதுபோல் இருக்கும். ஓர் இரவு தனியே இருந்தபோது ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று நகர்ந்ததை டாண்டியே பார்த்தார். திரும்பினால் இல்லை.

மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்காகத் தன் வாளைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து பட்டறைப் பிடியில் இறுக்கி வைத்தார். யாரும் தொடாமலே வாளின் நுனி வெறிபிடித்தாற்போல் அதிர ஆரம்பித்தது. வேறொருவராக இருந்தால் அன்றே வேலையை விட்டிருப்பார். டாண்டி வாளைக் கூடத்தின் நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே போய் அதிர்வு எங்கே கூடுகிறது, எங்கே அடங்குகிறது என்று பார்த்தார். நடுக்கூடத்தில் உச்சம், சுவரோரம் ஒன்றுமில்லை. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது: புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன். அது எழுப்பிய ஒலி நொடிக்கு ஏறக்குறைய 19 அதிர்வு. மனிதக் காது கேட்பதற்குக் கீழே உள்ள ஒலி. அது அந்த நீளக் கூடத்துக்குள் நின்றலையாக, அதாவது நகராமல் ஒரே இடத்தில் அதிரும் அலையாகத் தங்கிவிட்டது. ஃபேன் பொருத்திய விதத்தை மாற்றியதும் பேய் போய்விட்டது. 1998இல் டோனி லாரன்ஸோடு சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார். கண்விழியை அந்த அதிர்வு பாதித்துப் பார்வையின் ஓரத்தில் உருவங்களைத் தோற்றுவித்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு. எல்லாப் பேய்க்கும் இதுவே விடை என்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இப்படி ஒரு பொறுமையான பேயோட்டியை நான் கேள்விப்பட்டதில்லை.

ரேடியோவில் யாரோ எண்களை வாசிக்கிறார்களே, அது கற்பனையா?

இல்லை. 'நம்பர் ஸ்டேஷன்' என்று அழைக்கப்படும் அத்தகைய சிற்றலை ஒலிபரப்புகள் பனிப்போர்க் காலத்திலிருந்து உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உளவாளிகளுக்குச் சங்கேத எண்களை வாசிக்க இவை பயன்பட்டன. மிகவும் பேர்போனது 'லிங்கன்ஷைர் போச்சர்'. அந்தப் பெயருள்ள ஆங்கில நாட்டுப்பாடலின் சில ஸ்வரங்கள் ஒலிக்கும். பிறகு ஒரு பெண் குரல் ஐந்தைந்து இலக்கங்களாக வாசித்துக்கொண்டே போகும். சைப்ரஸிலிருந்து வருவதாக வானொலி ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். 2008இல் நின்றுபோனது. நடுராத்திரியில் தனியாக அதன் பழைய பதிவைக் கேட்டுப் பாருங்கள், பேயே வேண்டாம்.

நிஜத்தில் இப்படி ஒட்டாத ஜோடிகள் பேய் தேடியதுண்டா?

உண்டு. 1977இல் வடக்கு லண்டனின் என்ஃபீல்டில், குழந்தைகளோடு ஒரு தாய் வாழ்ந்த வாடகை வீட்டில் தட்டும் சத்தம், நகரும் மேசை நாற்காலி, பறக்கும் பொம்மைகள் என்று செய்தித்தாள்கள் அல்லோலகல்லோலப்பட்டன. விசாரிக்கப் போனவர்கள் இருவர். மாரிஸ் கிராஸ் தொழிலால் புதுக்கருவி கண்டுபிடிப்பாளர். கை லயன் பிளேஃபேர் எழுத்தாளர். பல ஆண்டுகள் பிரேசிலில் இருந்து அங்குள்ள ஆவி வழிபாடுகளைப் பற்றி எழுதியவர். மாதக்கணக்கில் அந்த வீட்டோடு கிடந்தார்கள். சிலவற்றைத் தாங்களே செய்ததாகச் சிறுமிகள் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். எல்லாவற்றையும் அல்ல என்றும் சொன்னார்கள். அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

கிராஸ் அங்கே போவதற்கு முந்தைய ஆண்டுதான் சாலை விபத்தில் தன் மகளைப் பறிகொடுத்திருந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மனைவியை இழந்த கஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அந்த மனிதரை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பேய் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் பேயைத் தேடித்தான் போகிறார்களா என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அதற்கு முந்தைய தலைமுறையில் ஹாரி பிரைஸ். எஸெக்ஸில் போர்லி என்ற ஊரின் பழைய பாதிரியார் இல்லத்தை 1937இல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, பேயைக் கண்காணிக்கத் துணிச்சலான ஆட்கள் தேவை என்று 'தி டைம்ஸ்' நாளிதழில் விளம்பரமே கொடுத்தார். 48 பேர் தேர்வானார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதில் எந்த அனுபவமும் கிடையாது. அந்த இல்லம் 1939இல் தீக்கிரையானது. பிரைஸ் இறந்த பின் 1956இல் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, சில நிகழ்ச்சிகளை அவரே அரங்கேற்றியிருக்கலாம் என்று சந்தேகித்தது.

போட்மின் மிருகம் என்று ஓர் எபிசோடு பெயரில் வருகிறதே?

கார்ன்வாலில் போட்மின் மூர் என்ற மேட்டுப் புல்வெளியில் கறுஞ்சிறுத்தை போன்ற பெரும்பூனை ஒன்று ஆடுகளை அடிப்பதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு. அரசே 1995இல் விசாரணை நடத்தியது. சான்று எதுவும் இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்று அறிக்கை வந்தது. அந்த மை காய்வதற்குள் ஃபோவி ஆற்றில் ஒரு சிறுவன் கையில் மண்டையோடு ஒன்று சிக்கியது. பெரிய கோரைப் பற்கள். ஊரே கொண்டாடியது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். சிறுத்தைதான் என்று உறுதி செய்தார்கள். கூடவே, மண்டையோட்டுக்குள் வெப்பமண்டலக் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு ஒன்று இருந்ததையும், தோல் விரிப்பு செய்பவர்கள் வெட்டுவதுபோல் பின்பக்கம் வெட்டப்பட்டிருந்ததையும் சொன்னார்கள். யாரோ வீட்டில் விரித்திருந்த சிறுத்தைத்தோலின் தலை அது! இந்தத் தொடரின் எழுத்தாளர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல முடிவு வந்திருக்காது.

இந்த பிரிட்டிஷ் பேய் ஆராய்ச்சிக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு?

சென்னை அடையாறு. 1882இல் லண்டனில் அதீத உளவியல் ஆய்வுக் கழகம் தொடங்கியது. ஆவி, தொலைவுணர்வு போன்றவற்றை அறிவியல் முறையில் விசாரிப்பதே நோக்கம். அதே 1882இல்தான் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை அடையாற்றில் இடம் வாங்கிக் குடியேறியது. அங்கே ஓர் அறையில் சுவரோரம் ஒரு மரப்பெட்டகம். இமயமலையில் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் தாமாகவே வந்து விழுவதாகச் சொன்னார்கள். சபையில் வீட்டு நிர்வாகம் பார்த்த கூலோம் தம்பதியர் மனக்கசப்பில் வெளியேற்றப்பட்டு, எல்லாம் ஏற்பாடு என்று, பிளாவட்ஸ்கி தங்களுக்கு எழுதியதாகச் சொன்ன கடிதங்களோடு போனார்கள். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் அவற்றை வெளியிட்டது.

அந்த ஆண்டு இறுதியில் லண்டன் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஸன் என்ற இளைஞரைக் கப்பலேற்றி சென்னைக்கு அனுப்பியது. அவர் கையில் மீட்டரும் இல்லை, கேமராவும் இல்லை. ஆட்களை விசாரித்தார், கையெழுத்துகளை ஒப்பிட்டார், பெட்டகம் இருந்த சுவரின் மறுபக்கத்தை ஆராய்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாவட்ஸ்கியின் அறை. 1885இல் வந்த அறிக்கை அவரை வரலாற்றின் மிகத் தேர்ந்த போலிகளில் ஒருவர் என்றது. அந்த ஆண்டே இந்தியாவை விட்டுப் போன அவர் திரும்பவில்லை. நூறாண்டு கழித்து 1986இல் அதே கழகத்தின் வெர்னன் ஹாரிசன், ஹாட்ஸன் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று எழுதினார். ஆலமரத்தைப் பார்க்க அடையாறு போகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் நிறுத்தினார்கள்?

வெளியாகி நான்கே மாதத்தில், 2021 பிப்ரவரியில், அடுத்த சீசன் இல்லை என்று நிக் ஃப்ராஸ்ட் தன் இன்ஸ்டாகிராமில் வருத்தத்தோடு சொன்னார்.

குறைந்த எபிசோடுகள் என்பதே குற்றமில்லை. பிரிட்டிஷ் நகைச்சுவைக்கு அது வழக்கம். ஃபால்டி டவர்ஸ் மொத்தமே 12 எபிசோடுதான்; பெக், ஃப்ராஸ்ட் இருவருக்கும் பெயர் வாங்கித் தந்த ஸ்பேஸ்டு 14தான். இரண்டையும் இன்றும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால் ஃபால்டி டவர்ஸில் ஒவ்வொரு அரை மணியும் தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்ளும். ட்ரூத் சீக்கர்ஸ் ஆரம்பத்தில் அப்படித்தான் போனது: ஒரு வீடு, ஒரு பேய், ஒரு இணைப்பு. பிறகு மெல்ல மெல்ல டாக்டர் டாய்ன்பீ (ஜூலியன் பாரட்), அவர் சதி, சூரிய கிரகணம் என்று ஒரு பெரிய கதை உள்ளே நுழைந்து வேனில் இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு போகும் கதைக்கு வந்தவர்கள் சதிக்கதையில் பாதியில் தூங்கினார்கள். சதிக்கதைக்கு ஏற்றவர்கள் ஆரம்பத்திலேயே, "இது மெதுவாகப் போகிறதே" என்று எழுந்து போயிருப்பார்கள்.

இன்னொரு தவறு, நல்ல சரக்கில் பாதியை அடுத்த சீசனுக்கென்று பரணில் எடுத்துவைத்தது. அரங்கு நிறையுமா என்று தெரியாதபோது இடைவேளைக்குப் பிறகுதான் கதை என்று சொல்லக் கூடாது.

முடிவு புரியவில்லை. விளக்க முடியுமா? (கதை உடையும், பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவவும்.)

ஆஸ்ட்ரிட் பேய்களிடமிருந்து ஓடிவந்தவள் என்று நினைத்திருந்தோம். அவளே இறந்துபோனவள், அது அவளுக்கே தெரியாது. எல்டன் எங்கே போனாலும் பேய் வருவதற்குக் காரணம் அவன் சிறுவயது. கஸ் வியந்து பேசும் 'ஹின்க்லி பையன்' என்ற பழைய பேய் வழக்கின் பையன் அவன்தான். ஆக கஸ் வாழ்நாள் முழுக்கத் தேடிய இரண்டு அத்தாட்சிகளும் அவர் வேனிலேயே உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தன. இந்த இடம் வரைக்கும் அருமை. டேவ் உண்மையில் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் தொங்கலில் விட்டார்கள். அதற்கு விடை இனி வரப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோஸ்டட் என்றும் ஒரு தொடர் உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு. கோஸ்டட் அமெரிக்க ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2017 அக்டோபர் முதல் 2018 ஜூலை வரை வந்தது. கிரெய்க் ராபின்சன் பழைய போலீஸ்காரர், இப்போது மால் காவலாளி, எதையும் நம்பாதவர். ஆடம் ஸ்காட் பழைய ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், இப்போது புத்தகக் கடை ஊழியர். மனைவியை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போனதாக நம்புகிறவர். ஒரு ரகசிய அமைப்பு இருவரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. நடுவில் பொறுப்பு பால் லீபர்ஸ்டைன் கைக்கு மாறி, 'தி ஆபீஸ்' பாணியில் அலுவலக நகைச்சுவையாக ஆக்கப் பார்த்தார்கள். 16 எபிசோடோடு கதை முடிந்தது. காணாமல்போன மனைவியாக வந்த பிரிட் லோயரும் ஆடம் ஸ்காட்டும் 2022இல் செவரன்ஸ் தொடரில் மறுபடி சேர்ந்தார்கள். அதிலும் ஸ்காட்டுக்கு மனைவியைத் தொலைத்த வேடம்தான், ஆனால் இந்த முறை மனைவி வேறு நடிகை. அவர் ராசி அப்படி. 2023இல் ஆப்பிள் டிவியில் வந்த கோஸ்டட் திரைப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பேய் துப்பறிவாளர்களுக்கு எட்டாம் எண் ஆகாதோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. லாக்வுட் அண்ட் கோ, நெட்ஃபிளிக்ஸ், 2023: எட்டு எபிசோடு, ரத்து. டெட் பாய் டிடெக்டிவ்ஸ், அதே நெட்ஃபிளிக்ஸ், 2024: எட்டு எபிசோடு, ரத்து. கோஸ்டட் இரண்டு எட்டு. ஆனாலும் இந்த வகைக்கே மூத்தவரான கோல்சாக் தொடரும் 1974-75இல் 20 எபிசோடோடு நின்றதுதான். அதை இளவயதில் பார்த்துப் பயந்த கிறிஸ் கார்ட்டர்தான் பின்னாளில் எக்ஸ்-ஃபைல்ஸை உருவாக்கினார்.

நடிகர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

எம்மா டார்சி 2022இல் ஹவுஸ் ஆஃப் தி டிராகன் தொடரில் ரெனீரா ஆனார். இன்று இந்தத் தொடரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அவருக்காக வருகிறவர்கள். எல்டனாக நடித்த சாம்சன் கேயோ அதே ஆண்டு 'அவர் ஃப்ளாக் மீன்ஸ் டெத்' தொடரில் கடற்கொள்ளையர் ஆனார்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டு மாடி அறையிலும் ராத்திரி யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கவென்ட்ரிக்காரர் செய்ததைச் செய்யுங்கள். முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனை அணையுங்கள். அடுத்து ஏசியின் வெளிப்பெட்டி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாக ஓடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் நடுவில் நின்றால் ஒருமாதிரி, சுவரோரம் போனால் சரியாகிறதா என்று பாருங்கள். எதுவும் பிடிபடாமல், வைஃபையும் அந்த அறையில் மட்டும் எடுக்காமல் போனால் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். அவர் கூட ஓர் உதவியாளரை அழைத்துவந்தால் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.